வடாமும் மேட்டுத் தூசும்

கோலார் தங்கவயலில் கோடை என்பது பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு முடிகிறது. கர்நாடகத்தில் அந்த நாள் மே மாதக் கடைசி வாரத்திலேயே வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் ஊர்களிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளைகளுக்கும் மாமன் பிள்ளைகளுக்கும் ஜூன் பிறந்தால்தான் பள்ளி. ஆகவே ஆண்டுதோறும் சில நாட்கள், உள்ளூர்ப் பிள்ளை சீருடை மாட்டிக்கொண்டு நிற்கும். விருந்தாளிப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து கிளிமூக்கு மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் எங்கும் இதே காட்சிதான். பக்கத்திலேயே சீனிவாசபுரம் என்னும் மாம்பழச் சீமை இருப்பதால் மாங்காய்க்குக் குறைவில்லை, அழுகைக்கும் குறைவில்லை.

இந்த வாரம் பள்ளித் திறப்பைப் பற்றித்தான் இப்பத்தி பேசியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகம், ஷூ, ஆட்டோக்காரர் கேட்கும் மாத வாடகை என்று பேச வேண்டியவை நிறைய. இளங்குடும்பத்தின் கோடைக் கடைசி இவற்றிலேயே கரைகிறது. குடும்பத் தலைவர் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ ஊரிகத்திலோ ரயில் ஏறுகிறார். பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். பல வீடுகளில் மனைவிக்கும் அதே ரயில்தான். சுரங்கத்துக்காக 1894-இல் போட்ட கிளைப் பாதை இன்று ஊரின் வேலைவாய்ப்பு அலுவலகமாக இருக்கிறது. இரண்டு மாத விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆயா. நைனாவும் அம்மாவும் முழுதாகக் கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு. பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு இங்கே ஒரு நிலையான வேலை உண்டு. அது வடாம் போடுவது. நோட்டுப் புத்தக விலையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

வடாமுக்கு வேண்டியது சுள்ளென்ற வெயில், வறண்ட காற்று, நம்பகமான வானம். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வேலூர் வெயிலை அனுபவித்தவர்கள் இங்கே வந்தால் மே மாதத்திலும் இரவில் போர்வை தேடுவார்கள். ஆனாலும் அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் வெயில் வடாமுக்குத் தாராளம். முதல் நாள் இரவே அரிசி மாவைக் கரைத்து வைத்து, விடியற்காலையில் அடி பிடிக்காமல் கிண்டிக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, சீரகம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, கரண்டியால் ஊற்றுவது ஒரு வகை. அச்சில் பிழிவது இன்னொரு வகை. லைன் வீடுகளுக்கு மாடி கிடையாது. கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த ஒற்றை அறை வரிசைகளில், வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு அதன் மேல் விரிக்கிறார்கள். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வடாம் கையோடு வரும். அதற்குள் பாதி காய்ந்ததைப் பிள்ளைகள் தின்று தீர்த்திருப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் கூழாகவும் இருக்கும் அந்தப் பதத்துக்குப் பொரித்த வடாம் ஈடாகாது என்பது இப்பத்தியின் பழைய கட்சி. இதற்கு எதிராக வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

காவலுக்குப் பிள்ளைகள், காக்கைக்கு விரித்து வைத்த கறுப்புக் குடை. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தங்கவயலில் மட்டும் இன்னொரு காவல் தேவைப்படுகிறது. "ஆயா, காக்கா வருது" என்று பேத்தி கத்தினால், "காக்கா கெடக்குது கண்ணு, காத்து எந்தப் பக்கம்னு பாரு" என்று பதில் வரும். காற்று மேட்டுப் பக்கமிருந்து வந்தால் வடாமை மூட வேண்டும்.

மேடு என்றால் எந்த மேடு என்று இப்பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களுக்காக: ஊரைச் சுற்றிப் பதின்மூன்று பெரிய மேடுகள் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைக் குன்றுகள். கிட்டே போனால் மழை அறுத்த வரி வரியான பள்ளங்கள். நிறம் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. ஊர் அவற்றைச் சயனைடு மலை என்கிறது. மலை என்பது மரியாதைக்கு. எல்லாம் மனிதன் கொட்டியது.

கொட்டிய கதை இது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-இல் இங்கே வந்த பிறகு மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் இறங்கின. தங்கம் இங்கே கட்டியாகக் கிடைப்பதில்லை. வெள்ளைக் கல் எனப்படும் குவார்ட்ஸ் நரம்புகளில் கண்ணுக்குத் தெரியாத துகளாக ஒளிந்திருக்கிறது. அதை எடுக்க ஒரே வழி கல்லை மாவாக்குவது. உலக்கை ஆலைகளில் இடித்து, உருளை ஆலைகளில் அரைத்து, முதலில் பாதரசத்தில் ஒட்டவைத்து எடுத்தார்கள். ஒட்டாமல் போனது நிறைய. கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை, 1890-களில் இங்கே வந்தது. சயனைடுக் கரைசல் மிச்சத் தங்கத்தையும் கரைத்து எடுத்துவிடும். ஆனால் கல் எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ அவ்வளவுக்குத்தான் பலன். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் வீதிகளுக்கு அது 1905-இல்தான் கிடைத்தது. நாட்டின் பெரும்பகுதி அகல்விளக்கில் இருந்த காலத்தில் இந்த ஊருக்கு மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். கல்லை மாவாக்கும் ஆலைகளும் அதில்தான் ஓடின என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை முழுமையாகும்.

நூற்றிருபது ஆண்டுகளில் இந்தச் சுரங்கங்கள் சுமார் 800 டன் தங்கம் தந்தன. அது லண்டன் போயிற்று, பம்பாய் போயிற்று, கருவூலம் போயிற்று. மாவு மட்டும் எங்கும் போகவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது மேடுகளில் கிடந்தது சுமார் 3.3 கோடி டன்.

பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்த வெளியில் கிடக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். மேட்டில் ஏறினால் செத்துப்போவோம் என்பது வெளியூர்க்காரர்களின் கற்பனை. உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடித்தான் வளர்ந்தார்கள். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: மைதா மாவைப் போல அரைபட்ட சிலிக்கா அது. கைக்குள் அள்ளினால் விரலிடுக்கில் நழுவிப் போகும். செடி பிடிப்பதில்லை. மழையில் வழிந்து வயலில் இறங்கும், காற்றில் எழும்பி வீட்டுக்குள் இறங்கும். சுரங்கத்துக்குள் இதே கல்லின் தூசைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் என்னவாயிற்று என்பது இரகசியமல்ல. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில், 1947-இல் என்று மருத்துவ மாணவர்களின் பாடநூலிலேயே இருக்கிறது. மேட்டுத் தூசு சுரங்கத் தூசு அளவுக்கு அடர்த்தியானதல்ல. வெளிக்காற்றில் கலந்து நீர்த்துப்போவது. ஆனால் கல் அதே கல்.

இங்கேதான் கோடையின் கடைசி முக்கியமாகிறது. மற்ற ஊர்களில் கோடை முடிந்தால் மழை. கோலாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காற்றாக இந்தப் பீடபூமிக்கு வருகிறது. மாவட்டத்தின் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். ஆக, ஜூன் தொடங்கி ஆடி முடியும்வரை தங்கவயலில் காற்று உண்டு, மேட்டை நனைத்து அடக்கும் அளவுக்கு மழை கிடையாது. கோடை முடிகிற நாளும் தூசுக்காலம் தொடங்குகிற நாளும் ஒன்றே. வடாமுக்கு அவசரம் இதனால்தான். கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025-இல் மே 24-லேயே தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் காற்று முந்திக்கொள்கிறது, வடாம் பிந்திப்போகிறது.

வடாமோடு போனால் பரவாயில்லை. காற்றுக்காலத்தில் ஓர் இளந்தாயின் பகல் பொழுது எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். தண்ணீர்க் குடத்துக்கு மூடி, அதன் மேல் துணி. கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்தால் மறுபடி கழுவ வேண்டும். கொடியில் காயும் குழந்தைத் துணியை உதறி உதறி எடுக்க வேண்டும். தூளிக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசு. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, பள்ளியிலிருந்து பிள்ளை வருமுன் ஒரு முறை என்று தரையைத் துடைக்க வேண்டும். துடைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரோ தினம் வருவதில்லை. இந்த வேலைக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. சுரங்கத்தின் செலவுக் கணக்கை எழுதியவர்கள் இதை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

ஊரைப் பற்றிச் சினிமா எழுதியது. 2018-லும் 2022-லும் ஊர்ப் பெயரிலேயே இரண்டு பாகங்கள் வந்து நாடே பார்த்தது. 2024-இல் 'தங்கலான்' வந்தது. முன்னதில் மேடு, நாயகன் நடந்து வருவதற்கான பின்னணி. பின்னது மண்ணைத் தோண்டியவர்களின் பக்கம் நின்று பேசியது, அதற்காக அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் எந்தப் படத்திலும் தூசு துடைக்கிற ஒரு பெண் வரவில்லை. பறக்கும் தூசு திரையில் அழகாகத்தான் இருக்கிறது. படம் பார்த்துவிட்டு மேட்டின் மேல் நின்று படமெடுத்துக்கொள்ள வருகிறவர்கள், கீழே இறங்கி ஏதாவது ஒரு வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுப் பார்க்கலாம். மூடியைத் திறந்து கொடுப்பார்கள்.

இந்த வாரம் இப்பத்தியின் எரிச்சலைக் கிளறியது சினிமா அல்ல. "மேட்டை எடுத்துவிடப் போகிறார்கள், தூசுத் தொல்லை தீர்ந்தது" என்று மறுபடியும் கிளம்பியிருக்கும் பேச்சு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேலான பரப்பில் உள்ள பதின்மூன்று மேடுகளையும் ஏலம் விட்டுத் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்ற நம்பிக்கை நியாயமானது. விடியற்காலை ரயிலை விட்டுவிட ஊரில் பலருக்கு ஆசை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மேட்டு மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம். ஒரு கிராமை எடுத்த பிறகு மிஞ்சுவது ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கிராம் மாவு. அதை மறுபடி அரைத்தால் இன்னும் நைசாகும். ஏலத்தில் போவது தங்கம். மேடு இடம் மாறும், அவ்வளவே.

ஜோகன்னஸ்பர்க்கில் இது நடந்திருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களின் பழைய மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். எச்சத்தைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் வேறிடத்தில் இன்னும் பெரிய மேடாகக் கொட்டினார்கள். அங்கேயும் காற்றுக்கால மாதங்களில் குடியிருப்புகளில் தூசுதான். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2013-இல் வந்த தூசுக் கட்டுப்பாட்டு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் தூசு படியக் கூடாது. அளக்கும் கருவியும் பிரமாதமானதல்ல: கம்பத்தின் மேல் வாய் திறந்த வாளி, உள்ளே கொஞ்சம் தண்ணீர். முப்பது நாள் கழித்து வடிகட்டி, உலர்த்தி, எடை போடுவார்கள்.

மேட்டு ஏலத்தின் ஒப்பந்தத்தில் தங்கத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு பத்தி இருக்கும். எச்ச மாவு எங்கே போகும், எதைக் கொண்டு மூடப்படும், யார் பராமரிப்பார்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் தங்கவயல்காரர்கள் யாரும் கைதட்டக் கூடாது. அதுவரை காத்திருக்காமல் இந்த ஜூனிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மேடுகளை ஒட்டிய ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு வாளி வைத்து, மாதா மாதம் வரும் எடையை நகரசபை வாசலில் எழுதிப் போடட்டும். வாளிக்குப் பணமில்லை என்றால் மாரிக்குப்பம் லைன் வீடுகளில் கேட்டால் கொடுப்பார்கள்.