பெருங்காயம் ரசத்துக்கு, பச்சைக் குழந்தைக்கு அல்ல

"ஒரு மாதக் குழந்தை, ராத்திரியெல்லாம் அழறான். வயிற்று உப்புசம்தான், பெருங்காயத்தை வெந்நீரில் கரைச்சு ஒரு பாலாடை புகட்டுன்னு மாமியார் சொல்றாங்க. கொடுக்கலாமா?" என்று ஓர் இளம் தாய் எனக்கு எழுதியிருக்கிறார். பல வீடுகளில் எழும் கேள்வி இது. என் பதில்: வேண்டாம் அம்மா, ஒரு சொட்டுகூட வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். முதலில் பெருங்காயம் என்பது என்ன என்று பார்ப்போமா?

ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து இறுகியதுதான் பெருங்காயம். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020-ல்தான் இதைப் பயிரிட முயற்சி தொடங்கியது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசனைக்குக் காரணம், அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள். வெங்காயமும் பூண்டும் இதே கந்தகக் கூட்டம்தான். எளிதில் ஆவியாகிப் பரவுவது இவற்றின் குணம். 'பெருங்காயம் வைத்த டப்பா' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? காலி டப்பாவிலும் மணம் போகாதே!

இப்படி வீரியமுள்ள பொருள் சிட்டிகை அளவில் ரசத்திலும் சாம்பாரிலும் சேர்வதால் பெரியவர்களுக்குக் கெடுதல் இல்லை. பச்சைக் குழந்தையின் சமாசாரமே வேறு. பிறந்த புதிதில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் கருவில் உண்டான ஹீமோகுளோபின். பெருங்காயம் அதை மாற்றிவிடக்கூடும். அப்படி மாறிய ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. குழந்தை நீலம் பாரித்துப்போகும். ஐந்து வாரக் குழந்தை ஒன்றுக்கு, பெருங்காயம் கலந்த கைமருந்து கொடுத்ததால் இந்த ஆபத்து நேர்ந்ததை 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவ இதழ் 1984-ல் வெளியிட்டது.

"நாங்க கொடுக்கலையா? நீங்கள்லாம் நல்லா இல்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். சண்டை வேண்டாம். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க அத்தை" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படையுங்களேன், அவருக்கும் சந்தோஷம்! தொப்புள்கொடி விழுந்து ஆறும்வரை அந்த இடத்தில் பெருங்காயப் பற்று உள்பட எதையும் போடக்கூடாது, உலர்வாக இருக்கட்டும்.

அழுகை ஓயாவிட்டாலும், வாந்தி, ஜுரம், வயிறு வீக்கம் இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முன்பே பெருங்காயம் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் சரியான மாற்று மருந்தைச் சீக்கிரம் கொடுக்க முடியும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதாவது கோந்தும் மாவும் சேர்த்தது. பல தயாரிப்புகளில் மைதா இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் லேபிளைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பெருங்காயத்தை இறுக மூடும் டப்பாவில், காப்பிப் பொடிக்கும் டீத்தூளுக்கும் எட்ட வையுங்கள். இல்லாவிட்டால் காலைக் காப்பியே பெருங்காயமாக மணக்கும்! கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டாதீர்கள். ஆவி பட்டால் தூள் கட்டி தட்டிவிடும். உலர்ந்த ஸ்பூனால் எடுங்கள். தாளிக்கும்போது எண்ணெய் புகையுமுன் போடுங்கள்; மிதமான சூட்டில் பொரிந்தால் நெடி அடங்கி மணம் வரும். கருகினால் கசக்கும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் டப்பா மேல் அலமாரியிலேயே இருக்கட்டும். ரசத்தில் தாராளமாக மணக்கட்டும். பாலாடைப் பக்கம் மட்டும் வரவேண்டாம்.