வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா?

இந்த வாரம் ஒரு டிக்கெட் தளம் முன்பதிவு திறந்த கையோடு படுத்துவிட்டது. திரையில் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று ஒரே வரி. துவாக்குடி என்.ஐ.டி.யில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் புலம்பினேன். “லிமிட்டைக் கூட்டித் தொலைக்க வேண்டியதுதானே?”

“கூட்டினா இன்னும் மோசமாகும் சார்” என்றான். ஒரு ஓப்பன் சோர்ஸ் ஜாவா புராஜெக்ட்டில் கனெக்‌ஷன் பூலிங் பகுதியைத்தான் அவன் இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ் ஒன்றைக் கிளப்புமாம். யாரும் மாற்றாவிட்டால் உச்சவரம்பு 100. அதனால் கொஞ்சம் கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்து, கேட்பவருக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதுதான் பூல். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் 2018 முதல் கூடவே தருகிற ஹிகாரி பூலில் அந்த உச்சவரம்பு வெறும் 10. சர்வரின் பிராசஸர் கோர்கள் நாலோ எட்டோதான் என்னும்போது நூறு பேரை உள்ளே விட்டு என்ன செய்ய?

தம்பியின் தலைவலி எண்ணிக்கை அல்ல. கனெக்‌ஷனை வாங்கிய ஃபங்ஷன் நடுவில் எர்ரர் அடித்தால், ‘குளோஸ்’ என்ற வரிக்கு வந்து சேர்வதே இல்லை. பத்தும் இப்படிப் போனால் அடுத்து வருபவர் 30 விநாடி நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எர்ரர் வந்தாலும் தானே மூடிவிடும் வசதி ஜாவாவில் 2011-லேயே வந்துவிட்டது. பழைய வரிகளை அதற்கு மாற்றுவதுதான் இவன் வேலை.

டிக்கெட் கிடக்கட்டும். வாங்கியதைத் திருப்பித் தராதவர்கள் என்றதுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பழைய வாசகர்களுக்குக் காரணம் தெரியும்: ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, கம்ப்யூட்டரையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தன் தெருக்காரர்களை எழுதிய கதைகள். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் ஆளைச் சாய்த்துவிடுவார். அதைப் படிக்காதவரைப் பார்த்தால் என் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். போன புத்தகம் வந்ததில்லை. புதிதாக வாங்குவேன், அதுவும் போகும்.

ஹிகாரியில் ஒரு அமைப்பு உண்டாம். வெகுநேரம் திரும்பாத கனெக்‌ஷனை எந்த வரி வாங்கிப்போனது என்று லாகில் எழுதிவிடும். நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். மனிதர்களைப் போல அதற்கும் முதலில் தாட்சண்யம்.

கடைசியாக வாங்கிப்போனவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். பெயரைப் போட மாட்டேன். தெருவைப் போடலாமா என்று யோசிக்கிறேன்.