பாரிசுப் புறநகர்த் தீ பரவுமா?

நகரங்கள் தீப்பற்றி எரியும்பொழுதெல்லாம் ஆட்சியாளர் வாயினின்று முதற்கண் வரும் சொல் 'தீயவர்' என்பது. அடுத்து வருவது 'தூண்டிவிட்டவர்' என்பது. தீயவர் அத்துணைப் பேரும் ஒரே இரவில் 274 ஊர்களில் எவ்வாறு முளைத்தனர் என்று அவர் கேட்பதில்லை, கேட்பாரை விரும்புவதுமில்லை. 2005 நவம்பர் 6-ஆம் நாளிரவு பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது அதுவே. அவ் ஓரிரவில் மட்டும் 1,400 வண்டிகள் எரிந்தன. மூன்று கிழமைகளில் எரிந்தவை ஏறத்தாழ 9,000. தளையிடப்பெற்றோர் ஏறத்தாழ 2,900 பேர். இத் தீ எல்லை கடந்து பரவுமா என்பதே அன்று அண்டை நாடுகளில் எழுந்த கேள்வி. தீ எதனால் மூண்டது என்பதை அறியாமல் அதற்கு விடை கூறவியலாது.

பாரிசுக்குக் கிழக்கே பத்துக் கல் தொலைவுக்குள் கிளிசி சூ புவா என்னும் புறநகர் உள்ளது. 2005 அக்தோபர் 27 மாலை, நோன்புத் திங்களில், பந்தாடிவிட்டு வீடு திரும்பிய சிறுவர் சிலர் காவலரைக் கண்டு ஓடினர். மூவர் ஒரு மின்மாற்றி நிலையத்துள் ஒளிந்தனர். இருவர் மின்தாக்கி மாண்டனர்; ஒருவனுக்கு அகவை 17, மற்றவனுக்கு 15. மூன்றாமவன் கடுந் தீப்புண்களோடு பிழைத்தான். குற்றம் செய்யாத பிள்ளைகள் ஏன் ஓடினர்? அடையாளத் தாள் கேட்டு நிறுத்தப்படுவதும், அது கையில் இல்லையெனில் நிலையத்தில் மணிக்கணக்கிற் கிடப்பதும் அப் பகுதி இளைஞர்க்கு நாள்வழக்கு. அவர்கள் உள்ளே நுழைந்தால் உயிர்பிழைப்பது அரிது என்னும் பொருள்படக் காவலர் ஒருவர் வானலைக்கருவியில் உரைத்தது பதிவாகியிருந்தது. பத்தாண்டு கழித்து, 2015 மே திங்களில், இரென் நகர முறைமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது.

தீக்கு முன்பே சொல் சுட்டிருந்தது. அப்பொழுது உள்துறை அமைச்சராயிருந்த சார்க்கோசி அவ்வாண்டு சூன் திங்களில் இலா கூர்னேவ் என்னும் புறநகருக்குச் சென்று, அவ்விடத்தை அழுத்த நீர்ப்பீச்சியாற் கழுவித் தூய்மை செய்யப்போவதாகப் பேசினார். அழுக்கேறிய சுவரையும் வண்டியையும் கழுவும் கருவி அது. அக்தோபர் 25-இல் ஆர்சாந்தேய் என்னுமிடத்தில் 'இராக்காய்' என்றொரு சொல்லை ஆண்டார். தமிழிற் 'கழிசடை' என்பதிலுள்ள இழிவு முழுதும் அச் சொல்லுக்குண்டு. சிறுவர் மாண்டது அதற்கு இரண்டாம் நாள். குற்றவாளிகளை மட்டுமே அச் சொல் குறித்ததென்று பின்னர் உரை வகுத்தனர். அப் பகுதி மக்களோ தம் பிள்ளைகள் அனைவரையும் குறித்ததாகவே கொண்டனர். அக்தோபர் 30-இல் கிளிசிப் பள்ளிவாசலுட் கண்ணீர்ப்புகை நிறைந்தது. அதன்பின் கலவரம் ஊரெல்லை கடந்து பரவலாயிற்று.

சொல் மட்டும் ஊரை எரிக்காது, விறகும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டபொழுது, தான் ஆண்ட அல்சீரியா, மொராக்கோ, துனீசியா, மாலி, செனகல் முதலிய நாட்டவரைப் பிரான்சு உழைப்புக்கு வைத்துக்கொண்டது. புறநகர்களில் எழுப்பிய மாடத்தொகுதிகளில் அவர்கள் அடுக்கப்பெற்றனர். 1970-களுக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மாடங்கள் மட்டும் நின்றன. 2005-இல் அத்தகு பகுதிகளில் வேலையின்மை நாட்டு நிரவலைப்போல் இருமடங்கு. கிளிசியில் அன்று தொடர்வண்டி நிலையமும் இருக்கவில்லை, காவல் நிலையமும் இருக்கவில்லை. வேலை கேட்டு எழுதும் மடலில் அரபுப் பெயரும் புறநகர் முகவரியும் இருப்பின் நேர்காணலுக்கு அழைப்பது குறைவு.

இதனினும் ஆழமான கரணியம் ஒன்றுண்டு. பிரான்சு அரசு தன் நாட்டிற் குடிமக்களையே காணும், இனங்களைக் காணாது. இனவாரிக் கணக்கெடுப்பும் அங்கில்லை. கேட்பதற்குச் சமன்மை போலத் தோன்றும் இக் கொள்கைதான், பிரெத்தன் மொழி பேசிய சிற்றூர்ப் பிள்ளைகளின் கழுத்தில் இழிவுச் சின்னம் தொங்கவிட்டுப் பள்ளியில் ஒறுத்தது. 1992-இல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஓரினத்தைக் கணக்கில் எழுத மறுக்கும் அரசு அவ்வினத்துக்கு நேரும் கொடுமையையும் எழுதாது. தெருவில் நிற்கும் காவலர் மட்டும் நிறம் பார்த்தே நிறுத்துவர்!

ஈண்டு ஒரு சொற்பிழை களையத்தக்கது. 1983 சூலையிற் கொழும்பில் நடந்ததையும் 'கலவரம்' என்றே பலர் எழுதினர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடிக் கொளுத்தியது, ஆட்சியின் நிழலில் நடந்த இனப்படுகொலை. பிள்ளைகளை இழந்த ஏழையர் குடியிருப்பு கொதித்தெழுந்தது வேறு. இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைப்பவர் கொலைக்குத் திரையிடுகின்றனர். அக் கொழும்புத் தீக்குத் தப்பியோடிய ஈழத்தமிழர் குடியமர்ந்த இடங்களுள் இலா கூர்னேவும் ஒன்று.

பாரிசில் எரித்தவர் செய்தது சரியென்பதன்று. தம் தம்பியர் படிக்கும் பள்ளியையும் தம் தாயர் ஏறும் பேருந்தையும் கொளுத்தியது பேதைமை. தாக்குண்டு மாண்ட 61 அகவையர் ஒருவர் யாருக்கும் தீங்கிழைத்தவரல்லர். ஆனால் அரசு கையிலெடுத்த மருந்து யாது? அல்சீரிய விடுதலைப் போரை ஒடுக்குதற்கு 1955-இல் இயற்றிய நெருக்கடிநிலைச் சட்டத்தை, அவ் அல்சீரியரின் பேரப்பிள்ளைகள்மேல் நவம்பர் 8-இல் ஏவியது.

இனிப் பரவுதல் பற்றி. 2005-இல் பிரசல்சிலும் பெர்லினிலும் சில வண்டிகள் எரிந்ததோடு நின்றது. பிரான்சுக்குள்ளேயே மார்சேய் நகரம் பெரும்பாலும் அமைதியாயிருந்தது. அங்கு ஏழையர் நகருக்கு வெளியே தள்ளப்படவில்லை, நகருக்குள்ளேயே வாழ்கின்றனர், ஆதலின் அந்நகர் எரியாது என்று அறிஞர் பலர் கூறினர். அக் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், 2017-இல் வண்டியோட்டியர்மீது காவலர் சுடுதற்குரிய சட்டவரம்பைத் தளர்த்தினர். 2023 சூன் 27-இல் நாந்தேர் என்னும் புறநகரில் வண்டியோட்டிச் சென்ற 17 அகவைச் சிறுவன் காவலராற் சுட்டுக் கொல்லப்பட்டான். காவலர் முதலிற் கூறிய கதையை வழிப்போக்கர் எடுத்த காணொளி பொய்யாக்கியது. இம்முறை 500-க்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. மார்சேயும் எரிந்தது, கடைகள் சூறையாடப்பெற்றன. எல்லைக்கப்பால், சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரிலும் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் திரண்டு கடைக் கண்ணாடிகளை உடைத்தனர்.

கிளிசிக்கு 2010-இற் காவல் நிலையம் வந்தது. தெருத்தொடரி 2019-இல் வந்தது. நாந்தேர்ச் சிறுவன் மாண்ட மூன்றாம் நாள், குடியரசுத் தலைவர் மாக்குரோன் பெற்றோரையும் குமுகாய ஊடகங்களையும் காணொளி விளையாட்டுகளையும் குறைகூறினார்.