தூங்குகிறவன் சோம்பேறியா?



“நான்கு மணி நேரத் தூக்கம் போதும், முன்னேறத் துடிப்பவனுக்கு அதற்கு மேல் எதற்கு?” என மேடைதோறும் முழங்கும் தன்முனைப்புப் பேச்சாளர்கள் நம் நாட்டில் பெருகிவிட்டனர். பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் இவர்களை அழைத்து மாலை அணிவிக்கின்றோம். மாலை போடுவதில் நமக்கு நிகர் யாருமில்லை, அது கிடக்கட்டும். இவர்கள் சொல்வது உண்மைதானா?

நான் பணியாற்றும் ஜொகூர் பாரு வட்டாரத்தில் மாணவர்களின் தந்தையர் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். விடியற்காலை 3.30க்கு எழுந்து, 4.30க்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளையும் கடந்து, 7 மணிக்கு வேலையில் நிற்பர். மிகைநேர வேலை சேர்ந்தால் இரவு 7 வரை. ஒரு கிலோமீட்டரே உள்ள கடற்பாலத்தில் ஊர்ந்து வீடு சேர 9 மணிக்கு மேலாகும். உண்டு, குளித்துப் படுக்கும்போது மணி 11. தூக்கம் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தேவை என 2015இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் அறிவித்தது.

1997இல் டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் குருதியில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்பது அதன் முடிவு. மலேசியாவில் 2020இல் ஓட்டுநருக்கான மது வரம்பு 80இல் இருந்து குறைக்கப்பட்டதும் இதே 50 மில்லிகிராமுக்குத்தான். 3.30க்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் இரவு 8.30க்கு நிறைகிறது. அப்போது அவர் பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிளில் இருக்கிறார். குடித்து ஓட்டுபவரைச் சட்டம் பிடிக்கும். இவரை இந்நிலைக்கு ஆளாக்கிய வேலைமுறையைப் பிடிப்பது யார்?

“எனக்குப் பழகிவிட்டது, ஐயா” என்பார்கள். 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரு வாரம் நாளுக்கு 6 மணி நேரமே தூங்க விடப்பட்டவர்கள், ஓரிரு இரவுகள் அறவே தூங்காதவரைப்போல் தடுமாறினர். தங்கள் தடுமாற்றத்தை அவர்களே பெரிதாக உணரவில்லை என்பதுதான் கொடுமை.

“நம் பாட்டன் பாட்டி விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் நிற்கவில்லையா?” என்று சிலர் மடக்குவர். நின்றார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டப் போனார்கள். ஆனால் விளக்கில்லாத லயத்தில் இரவு 8 மணிக்கே படுத்தும்விட்டார்கள். எழுந்த நேரத்தை மட்டும் சொல்லிப் படுத்த நேரத்தை மறைப்பது நேர்மையன்று.

சட்டமும் நமக்குத் துணை நிற்கவில்லை. மலேசியாவில் வார வேலை நேரம் 2023 சனவரி 1 முதல் 48இல் இருந்து 45 மணியாகக் குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் மிகைநேர வேலைக்கு மாதம் 104 மணி வரையும், சிங்கப்பூரில் 72 மணி வரையும் இடமுண்டு. பயண நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் போதாதவன் மிகைநேரத்தை மறுக்க இயலுமா? அவன் விற்பது உழைப்பையன்று, உறக்கத்தை.

முதலாளிகளைக் கேட்பது இருக்கட்டும். நம் பள்ளிகளையே கேட்கிறேன். வேலை நாளில் இரவு 8 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, “நம் தந்தையருக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையில்லை” என்று கூட்டக் குறிப்பில் எழுதுகிறோம். வந்தவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால் சிரிக்கிறோம். கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு மாற்றுங்கள். 9 மணிக்கு வேண்டாம். அன்றாவது அவர்கள் தூங்கட்டும்.