நீண்ட சொல்லுக்கு அஞ்சற்க

ஒல்லாந்தர் இந்நாட்டுக் கரையோரத்தை ஆண்ட காலத்து ஏடுகள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் உள. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. நம் முன்னோரின் காணியும் குடியும் பற்றிய செய்திகள் அம்மொழியிலே கிடக்கின்றன. அவற்றைக் கற்கப் புகும் மாணவரை முதலில் மருட்டுவது ஒல்லாந்தச் சொற்களின் நீளமே. பிரிக்கும் முறை அறிந்தால் அம்மருட்சி நீங்கும்.

நம் யாப்பில் நிரையசை இரண்டு உயிர்களைக் கொள்ளும். ஒல்லாந்தத்திலோ ஓரசைக்கு ஓருயிரே. இரு உயிர்களுக்கிடையே ஒரு மெய் வரின் அது பின்னசையைச் சாரும். இரு மெய் வரின் பெரும்பாலும் ஆளுக்கொன்றாய்ப் பிரியும். உயிரில் முடியும் அசை பெரும்பாலும் நீண்டும், மெய்யில் முடியும் அசை பெரும்பாலும் குறுகியும் ஒலிக்கும். 'மா-னென்' என்றால் நிலவுகள்; 'மன்-னென்' என்றால் ஆடவர். பின்னதில் னகரத்தை இரட்டித்து எழுதுவது முன்னுள்ள உயிர் குறில் என்று காட்டவே. நாவில் ஒரு னகரமே ஒலிக்கும். நாம் 'மன்னன்' என்பதுபோல் அழுத்துதல் தவறு.

தொகைச்சொல்லாயின் முதலில் உறுப்புக்களைப் பிரித்து, பின்னரே அசை பிரித்தல் வேண்டும். 'க்வர்ட்-ஸ்லாகென்' என்று பிரித்தால் கால்வட்டத் திருப்பங்கள். 'க்வர்ட்ஸ்-லாகென்' என்றால் படிகக்கல் அடுக்குகள். எழுத்து ஒன்றே, பொருள் வேறு. தாமரை மலராகவும், தா+மரை எனப் பிரிந்து தாவும் மானாகவும் நிற்பதை நன்னூலார் பொதுமொழி என்பாரன்றோ?

இனி, 33 எழுத்துக் கொண்ட ஒரு சொல்லைப் பார்ப்போம்: 'அர்பைட்ஸ்-ஒன்கெஸ்கிக்ட்ஹைட்ஸ்-வெர்ஸேகெரிங்'. வேலை, இயலாமை, காப்புறுதி என உறுப்புக்கள் மூன்றே. முதலிரண்டின் ஈற்றிலுள்ள ஸகரம் நம் சாரியை போன்ற இணைப்பு. அசைகளோ பத்து: அர்-பைட்ஸ்-ஒன்-கெ-ஸ்கிக்ட்-ஹைட்ஸ்-வெர்-ஸே-கெ-ரிங். முதலசையை ஓங்கி ஒலித்து ஏனையவற்றை ஒழுங்காக அடுக்கிவிடலாம். 'ஒன்' என்பதை அடுத்த 'கெ', 'ஸ்கி' என்பவற்றின் ககரத்தை மட்டும் 'பகல்' என்பதன் இடைக்ககரம்போல், இன்னும் சற்று உரசித் தொண்டையில் எழுப்புக.

யாழ்ப்பாணத்து முதியோர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பர். அது ஒல்லாந்தரின் 'கன்-டோர்'. அம்மொழியில் ஓங்குவது இரண்டாம் அசை. அதன் நெடிலை நம்மவர் ஏடு பாராமல், செவியாற் கேட்டே காத்தனர். அச்செவியோடு பிரித்தறியும் கண்ணும் சேர்ந்தால், நம் பழங்கதையைப் பிறர் படித்துச் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.