வேரடித் துணைவனை மறக்கலாமா?

சாகுபடிப் பருவம் தொடங்கும்போதெல்லாம் டிஏபி உரத்துக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி வருவது வாடிக்கையாகிவிட்டது. மணிச்சத்து உரங்களுக்கான மூலப்பொருள்களில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஒரு மூட்டையை விவசாயி ரூ.1,350-க்குப் பெறுவதற்காக அரசு பெரும் மானியச் சுமையைத் தாங்குகிறது. ஆனால், இட்ட மணிச்சத்தில் கணிசமான பங்கு மண்ணிலேயே பிணைந்து, பயிருக்கு எட்டாமல் தங்கிவிடுகிறது. அதைத் தேடி எடுத்துவரும் துணைவனைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அந்தத் துணைவன், வேளாண் துறையினர் 'வேர் உட்பூசணம்' என்றழைக்கும் நுண்பூஞ்சை. நிலத் தாவரங்களில் சுமார் 70 சதவீதத்தின் வேர்களில் இது வாழ்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலும் இந்த உறவுக்கான தடயம் உண்டு.

செடி தான் தயாரித்த உணவில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. பூஞ்சையோ, வேரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளை மண்ணில் பரப்பி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது; வேரையொட்டிய சில மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்ததும் வேர் வெறுங்கையோடு நிற்கும். இழைகள் அதற்கப்பால் பல சென்டிமீட்டர் வரை செல்கின்றன.

வறட்சியில் இந்த உதவியின் மதிப்பு கூடுகிறது. மண் காயும்போது ஊட்டச்சத்தின் நகர்வு மேலும் குறைகிறது. வேர் நுழைய முடியாத நுண்துளைகளிலும் இழைகள் நுழைந்து, வேருக்கும் ஈரத்துக்குமான தொடர்பைக் காக்கின்றன. மண்துகள்களைப் பிணைத்து, மண் நீரைத் தேக்கிவைக்கவும் உதவுகின்றன. பூஞ்சை மழையைக் கொண்டுவராது. ஆனால், இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாள்களைப் பயிர் தாங்க வழிசெய்யும். சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி வானம் பார்த்த பூமியாக உள்ள நாட்டில் இது சிறிய உதவியல்ல.

நாமோ எதிர்த்திசையில் நடக்கிறோம். மணிச்சத்து மிகுந்த மண்ணில் செடி பூஞ்சைக்கு இடம்கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அடிக்கடி ஆழ உழுவது இழைவலையை அறுக்கிறது. நிலத்தை நெடுநாள் பயிரின்றி வெறுமையாக விட்டால், உயிருள்ள வேரையே நம்பி வாழும் பூஞ்சை மெலிகிறது.

இதற்குத் தீர்வு, இன்னொரு மூட்டையை வாங்கிப் போடுவது மட்டுமல்ல. உயிருள்ள வேரின்றி இப்பூஞ்சையைப் பெருக்குவது கடினம் என்பதால், மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்தே தயாரிக்கிறார்கள். சந்தையில் விற்கப்படும் பொருள்களில் உயிருள்ள வித்துகள் போதுமான அளவில் இல்லை எனப் பல நாடுகளின் ஆய்வுகள் எச்சரித்துள்ளன. தவிர, முட்டைக்கோசு, கடுகு குடும்பப் பயிர்களுக்கு இதனால் பயனில்லை. நீர் தேங்கிய நெல் வயலிலும் பலன் குறைவு. எந்தப் பயிருக்கும் ஏற்றது என விற்பவரிடம் விவசாயி எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் 12 அளவீடுகளைத் தருகிறது. மண்ணின் உயிர்ப்பை நேரடியாகக் காட்டும் அளவீடு அவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறை நீங்க வேண்டும். மணிச்சத்து மிகுதி என அட்டை காட்டும் நிலத்தில் டிஏபியைக் குறைக்கும் விவசாயிக்கு ஊக்கத்தொகை தரலாம். மிளகாய், தக்காளி, வெங்காய நாற்றங்கால்களில் தரம் சோதிக்கப்பட்ட பூசணத்தை இடுவது குறைந்த செலவில் முடியும். மானாவாரி வட்டாரங்களில், விவசாயிகளின் வயல்களிலேயே சோதனைத் திடல்கள் அமைத்து முடிவுகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

உர மானியத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை மண்ணின் உயிரைக் காப்பதற்கு ஒதுக்கினால், அடுத்த வறட்சியை நம் நிலங்கள் சற்றுத் தெம்போடு எதிர்கொள்ளும்.