பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

"வயித்துல புள்ள இருக்கறப்ப ஊசி எதுக்கு? பொறந்த பிறகு புள்ளைக்கே போட்டுக்கலாம்." ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனி பெண்களிடம் மாமியார் முதல் மெடிக்கல் கடைக்காரர் வரை சொல்வது இதைத்தான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். சொல்வது தவறு.

பிறந்த பிறகு என்றால் எப்போது? பிறந்த உடனே போடுவது பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. கக்குவான் இருமலைத் தடுக்கும் பென்டா ஊசி ஆறாவது வாரத்தில்தான். நமக்கு நாள்பட்ட இருமலாக வந்துபோகும் அந்த நோய், பச்சைப் பிள்ளையின் மூச்சையே நிறுத்திவிடும். சில பிள்ளைகளுக்கு இருமலே வராது. பால் குடிப்பதை விட்டுவிடும், உதடு நீலம் பாயும். தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் நேரம் கடந்துவிடலாம்.

அந்த ஆறு வாரத்துக்குக் காவல் தாயின் ரத்தம்தான். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. கடைசி மூன்று மாதத்தில் அதிகம் போகிறது. அதனால்தான் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். தாய்ப்பால் போதாதா என்பார்கள். தாய்ப்பால் கட்டாயம் வேண்டும். ஆனால் நஞ்சுக்கொடி கொடுப்பதை அது ஈடுசெய்யாது.

வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பேசும் மாமியாரே தன் காலத்தில் ரணஜன்னி ஊசி போட்டுக்கொண்டவர். 1988இல் உலகம் முழுக்க சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரணஜன்னியில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் 2015இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடானது. கக்குவானிலும் இதே கதைதான். 2012இல் கக்குவான் இருமலுக்குப் பதினான்கு பச்சிளங்குழந்தைகளைப் பறிகொடுத்த இங்கிலாந்து, அதே ஆண்டு கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோயில் பத்தில் ஒன்பது பங்கு தடுக்கப்பட்டது.

எல்லா ஊசியும் கர்ப்பிணிக்கு ஆகும் என்று நான் சொல்லவில்லை. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைக் கர்ப்பத்தில் போடக்கூடாது. ஊசி என்றாலே கர்ப்பிணிகளுக்கு வரும் பயத்துக்கு அரசும் ஒரு காரணம்: கொரோனா ஊசியைக் கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை வரை மறுத்துவிட்டு, பிறகு திடீரென்று போடச் சொன்னால் யார்தான் தயங்க மாட்டார்கள்?

ஆனால் இன்றைய பெரிய தடை பயம் அல்ல, காசு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசிதான். கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் ஊசி தனியாரிடம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள் அரை நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு அதை எப்படிப் போட்டுக்கொள்வாள்? கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து பிக்மி நம்பர் வாங்கி மாதாமாதம் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு அந்த ஊசியை அரசு இலவசமாகப் போடட்டும். ஊசி நாளுக்குக் கம்பெனி சம்பளம் பிடிக்கக் கூடாது.